கிடைக்கும், கிடைக்கணும்

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘தீர்ப்பு’ என்றுதான் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கும் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எல்லாம் சினிமாவால் வந்த வினை. வருஷா வருஷம் திரைப்பட விருது விழாவுக்கு முந்தின நாள், எந்த விருது யாருக்கு என்று ஒரு பட்டியல் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். முப்பத்தொரு வருஷமாக இது நடக்கிறது. கல்யாணமான மூன்றாவது வருஷமே ஆரம்பித்துவிட்டார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பட்டியல் எழுதுவது பழைய எழுத்து அட்டையின் பின்பக்கத்தில். கண் பரிசோதனைக்கு மாட்டி வைப்பார்களே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகப் பொடி எழுத்துமாக, அந்த அட்டை. மஞ்சளடித்துப் போனாலும் அவர் தூக்கிப் போடமாட்டார். தெருவில் நின்று பார்த்தால் பட்டியல் தெரியும், கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால் எழுத்துகள் தெரியும். பட்டியலில் இரண்டு கட்டம். ஒன்றின் தலையில் ‘கிடைக்கும்’, மற்றதன் தலையில் ‘கிடைக்கணும்’. முதல் கட்டம் கணிப்பு, இரண்டாவது அவருடைய சொந்த அபிப்பிராயம். விழா முடிந்த மறுநாள் காலையில் சிவப்புப் பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் சரி, தப்பு போடுவார். இரண்டாவது கட்டத்தில் பேனா படாது. ஒட்டிய பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, பத்துக்கு எட்டு பலிக்கும். நடிகர் உடம்பை ஏற்றினாலோ இறக்கினாலோ விருது நிச்சயம் என்பார். சிரிக்க வைத்த நடிகைக்குக் கைதட்டல்தான், அழ வைத்தவளுக்குத்தான் சிலை என்று வருஷம் தவறாமல் பொருமுவார். கலை இயக்கம் என்றால் அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று, கதாபாத்திரங்களின் மூக்குக் கண்ணாடி. அறுபது வருஷத்துக்கு முந்தின கதையில் ஒரு டாக்டரின் கண்ணாடியில் பச்சையாக மினுங்கிவிட்டது. வெளிச்சம் கூசாமல் இருக்கப் போடும் அந்தப் பூச்சு அப்போது ஏது என்று இடைவேளைவரை என் காதைத் தின்றார். பவர் இல்லாத கண்ணாடி போட்டு நடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நிஜப் பவர் என்றால் கண்ணாடி வழியாகத் தெரியும் கன்னத்தின் ஓரம் கொஞ்சம் உள்ளே போகுமாம். மனுஷன் படம் பார்க்கிறாரா, கடை நடத்துகிறாரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அவருடைய கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் அவர் சொல்ல, எங்கள் மகள்தான் பட்டியலை எழுதுவாள். எட்டு வயதில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தவள். அவளை நாங்கள் பாப்பா என்போம், இன்றைக்கும் பாப்பாதான். அப்பாவும் மகளும் ஒரு படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும், நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போகும். எனக்கு ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் எழுதும் வேலை. இந்த வீட்டில் கண்ணை அவர் எடுத்துக்கொண்டார், பல்லை நான் எடுத்துக்கொண்டேன், மிச்சமிருந்த காதைப் பாப்பா எடுத்துக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். பாப்பா படித்தது சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கும் படிப்பு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பதிவுக் கருவியோடு வருவாள். குழாய் சொட்டுவது, பீரோ கதவு, நான் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது, எல்லாவற்றையும் பிடிப்பாள். ஒரு வாரம் முழுக்க அவர் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். காசு கட்டிப் படிக்க வைத்தால் குழாய்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறாயே என்று திட்டியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை செய்த முதல் படம் வந்தது. சத்தத்துக்கு இரண்டு உதவியாளர்கள், அதில் ஒருத்தி இவள். அந்தப் படம் சத்தத்துக்கான விருதுப் பட்டியலில் இறுதி ஐந்தில் ஒன்றாகவும் வந்துவிட்டது. தெருவே குதித்தது. அன்றைக்கு இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சத்தம் என்ற வரிசை வந்தது. முதல் கட்டத்தில் ஏதோ ஒரு படம் சொன்னார், இரண்டாவதில் வேறு ஏதோ ஒரு படம் சொன்னார். பாப்பாவின் படம் இரண்டிலும் இல்லை. நான் பேனாவை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு எழுதினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பாப்பாவுக்குப் பாடம் எடுத்த கணக்கு வாத்தியார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். நல்லவர்தான், ஆனால் கையில் ஃபோன் இருந்தால் சும்மா இருக்க முடியாது. வருஷா வருஷம் பட்டியலைப் படம் பிடித்துப் பாப்பாவுக்கு அனுப்புவது அவருடைய சேவை. அந்த வருஷமும் அனுப்பினார். மறுநாள் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“முதல் கட்டத்துல இல்லைன்னா அது கணிப்புப்பா, ஒத்துக்கறேன். ரெண்டாவதுலயும் இல்லையே?”

பெற்ற மகள். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? மழைக் காட்சியில் வசனம் காதில் விழவில்லை, அப்படியிருக்க எப்படி எழுதுவது என்று பரீட்சைத்தாள் திருத்துவதுபோல விளக்கினார். அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டது. அதோடு சரி. நாலு வருஷமாக அவள் அப்பாவோடு பேசவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

என்னைக் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. என் ஃபோனில் காதில் வைத்துக் கேட்கும் பாகம் கெட்டுப்போய் வருஷம் ஒன்றாகிறது. சத்தமாக வைத்துத்தான் பேச முடியும், அதனால் அந்த ஒரு மணி நேரம் அவள் குரல் வீடு முழுக்க இருக்கும். கடைசியில் “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்பாள். இந்த வீட்டில் என்னை விட்டால் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஒருவர்தான் அவளுக்கு எல்லாரும். அவர் கடையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டே, ஃபோன் வந்ததா என்று கேட்பார். வந்தது என்பேன். குரலில் சளி இருந்ததா என்பார். இரண்டு பேரும் என்னைத் தபால்காரியாக்கிவிட்டார்கள். ஒருவராவது கடிதம் கொடுத்தால் பரவாயில்லை, வெறும் பையைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

போன வருஷம் அவள் பெயரைத் தனியாகப் போட்டு ஒரு படம் வந்தது. சத்த வடிவமைப்பு முழுக்க அவள்தான். பூட்டிய வீட்டில் இருக்கும் அக்கா தங்கை கதை. சுவரொட்டியில் பெரிய கதவு இருந்ததால் எங்கள் தெருவில் அதற்குக் கதவுப் படம் என்று பெயராகிவிட்டது. நான் ஒரு தடவை பார்த்தேன். பெயர் எப்போது வரும் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் கதை பாதி புரியவில்லை. அவர் நாலு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் பகல் காட்சிக்கு, கடையைப் பூட்டிவிட்டு. எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்பார். இடைவேளைக்கே நாற்பது குறை சொல்லும் மனுஷன் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் படத்துக்காக அவள் பெயர் இறுதி ஐந்தில் வந்தது. எதிரில் ஒரு பெரிய போர்ப் படம். பீரங்கி, விமானம், குதிரை என்று காதைக் கிழிக்கும். சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும் யாருக்கு என்று.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அட்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். படம், இயக்கம், நடிப்பு எல்லாம் முடிந்தது. சத்தம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“முதல் கட்டம், போர்ப் படம்.”

“ரெண்டாவது?”

“பாப்பா படம்.”

எந்தப் படத்தையும் இன்னார் படம் என்று அவர் சொன்னதே இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. இரண்டிலும் அவள் படத்தைப் போட்டால் குடியா முழுகிவிடும்? தெருவில் யார் வந்து உங்களைத் தூக்கில் போடப் போகிறார்கள்? ஒரே மகள், நாலு வருஷம் ஆயிற்று, இந்த அட்டையை அவள் பார்ப்பாள் என்று தெரியாதா? எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“கிடைக்கணும்ங்கிறதையும் கிடைக்கும்னு எழுதிட்டா, அப்புறம் ரெண்டு கட்டம் எதுக்கும்மா?”

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை அழுத்திப் பிடித்து, முதல் கட்டத்திலும் பாப்பாவின் படத்தையே எழுதினேன். இரண்டாவதிலும் அதுவே. மிச்ச வரிசைகளை அவர் வந்து சொல்ல, ஒன்றும் நடக்காததுபோல எழுதி முடித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அவருடைய பைக்குள் செருகினேன். முப்பத்தொரு வருஷத்து நாணயத்தில் கை வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அட்டை கடைக் கண்ணாடிக்கு ஏறியது. மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் அதே பேச்சு. தீர்ப்புக்குப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது, கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணாடி தேவைப்படுகிறது என்று மருத்துவமனையில் பல் பிடுங்க வந்தவர்கூட வலியோடு சிரித்தார். கணக்கு வாத்தியார் வழக்கம்போலப் படம் பிடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் வெடிப்பார் என்று நான் தயாராக இருந்தேன். வந்தார், சாப்பிட்டார், செய்தித்தாளை விரித்தார். தெருக்காரர்கள் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சத்தத்துக்கான ஐந்து பேரையும் கட்டம் கட்டமாகக் காட்டினார்கள். எங்கள் பாப்பா ஓரக் கட்டத்தில் இருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஞாயிறு தவறாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவள் அதை என்னிடம் சொல்லவே இல்லை. கண்ணாடி வேறு போட்டிருந்தாள். உறையைப் பிரித்தார்கள். போர்ப் படம்தான். பாப்பா சிரித்துக்கொண்டே கைதட்டினாள். தட்டும்போது கண்ணாடி மூக்கில் சறுக்கியது, ஒரு விரலால் மேலே தள்ளினாள். அதோடு அவளை மறைத்துவிட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இவர் எழுந்து போய் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றார், இன்னொரு தடவை காட்டுவார்களோ என்று. காட்டவில்லை.

“அந்த ஃபிரேம் அவ மூக்குக்குப் பெருசு. யாரோ அளவு பார்க்காமக் குடுத்துட்டாங்க” என்றார்.

பெற்ற அப்பன் கண்ணாடிக் கடை வைத்திருக்க, மகள் எவனோ ஒருவனிடம் அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவருக்கு வலித்தது அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் கண்ணாடி மாற்ற வருவார்கள். காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் சிவப்புப் பேனாவை எடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிப் போனேன். அவர் ஏற்கெனவே தெருவில் நின்று, கடைக் கண்ணாடியில் ஒட்டிய அட்டை மேல் பேனாவோடு குனிந்திருந்தார். சத்தம் வரிசையில், முதல் கட்டத்தில், சிவப்பாகத் தப்புப் போட்டார். உள்ளே வந்து உட்கார்ந்ததும், நான்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

“தெரியும். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்தேன்.”

“அப்புறம் ஏங்க ஒட்டுனீங்க?”

அவர் மேஜை மேல் கிடந்த துணியை மடித்தார், மறுபடி பிரித்தார்.

“கிழிக்கக் கை வரலை. போன தடவை ரெண்டு கட்டத்துலயும் அவ இல்ல. இந்தத் தடவை ரெண்டுலயும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

இந்த மனுஷனோடு முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், இப்படி ஒன்று அவருக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது என் ஃபோன் அடித்தது. மணி பதினொன்று. நான் வீட்டில் இருப்பதாக நினைத்துக் கூப்பிடுகிறாள். எடுத்தேன். வழக்கம்போல அவள் குரல் அறை முழுக்க வந்தது. முகமன்கூட இல்லை.

“அம்மா, அவர் ஏன் அப்படி எழுதினாரு? போர்ப் படம்தான்னு அவருக்குத் தெரியாதா? என் மேல பரிதாபப்பட்டு எழுதினாரா? எனக்கு அது வேண்டாம்மா.”

அப்படியே அப்பனை உரித்து வைத்த பிடிவாதம். இவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். நாலு வருஷம் கழித்து அவள் குரல் அவர் காதில் விழுகிறது. பாப்பா, முதல் கட்டத்தில் எழுதியது நான், அப்பா சொன்னது இரண்டாவது கட்டம் மட்டும்தான் என்று உள்ளதைச் சொன்னேன். நான் கடையில்தான் இருக்கிறேன், அப்பா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன். ஃபோனை அவரிடம் கொடு என்றாள்.

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என்று பார்த்தால், இவராவது கேட்பதாவது.

“உன் படத்துல, அந்த அக்கா கதவுகிட்ட உக்காந்திருக்கா. பின்னறையில யாரோ கண்ணாடி துடைக்கிறாங்க, ஆளைக் காட்டலை. ரெண்டு தடவை ஊதறாங்க. அப்புறம் தொண்டையைச் செருமறாங்க.” நிறுத்தினார். “அது நான்தானேம்மா?”

“கேட்டுச்சாப்பா?”

“நாலு தடவை போய்க் கேட்டேன்.”

“நீங்க ஒருத்தர் கண்டுபிடிப்பீங்கன்னுதான் அதை அங்க வெச்சேன்” என்றாள். “படம் வந்து எட்டு மாசம் ஆச்சுப்பா. ஒரு ஃபோன் வரும்னு இருந்தேன்.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நானும்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே. இவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட நினைத்தாராம், அதற்குள் விருதுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதாம், பெயர் வந்த பிறகு கூப்பிட்டால் பெயருக்காகக் கூப்பிட்டதாக ஆகிவிடுமே என்று தள்ளிப் போட்டாராம். மழைக் காட்சியைப் பற்றி அன்றைக்குச் சொன்னது சரிதான், ஆனால் சொன்ன நேரம் சரியில்லை என்றார். பாப்பா அழுகையோடு சிரித்தாள். வசனம் கேட்கவில்லை என்பது நிஜம்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன், தூரத்திலிருந்தே கத்திக் கேட்டேன். புதுப் படம் ஆரம்பித்திருக்கிறது, பார்க்கிறேன்மா என்றாள். வரும்போது அந்தக் கண்ணாடியையும் எடுத்து வா, மூக்கில் நிற்கவில்லை என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு வேலை முடிந்ததும் கண்ணாடி முழுக்க மாவோடு வருவார். அண்ணே, ஒண்ணுமே தெரியலை, கொஞ்சம் துடைச்சுக் குடுங்க என்று அவசரப்படுத்தினார்.

“ஒரு நிமிஷம் இரும்மா, வெச்சிடாதே” என்று ஃபோனிடம் சொல்லி, அதை மேஜை மேல் வைத்தார். பேக்கரிக்காரரின் கண்ணாடியை வாங்கினார். வலது பக்கத்துக்கு ஒரு தடவை ஊதினார், துணியால் தேய்த்தார். இடது பக்கத்துக்கு ஒரு தடவை ஊதினார், தேய்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை அவர் இதைச் செய்வதைப் பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட இதற்கு ஒரு சத்தம் இருப்பது எனக்குத் தெரிந்ததில்லை.

பேக்கரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் அடுத்த கண்ணாடியை எடுத்தார், அது யாருக்கும் அவசரமில்லாத கண்ணாடி. மறுபடி ஊதினார். நான் குனிந்து ஃபோனைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள் ஒன்றும் பேசவில்லை, வைக்கவும் இல்லை. விநாடி எண் ஓடிக்கொண்டே இருந்தது.